பரோலோ ஏன் இப்படித் துவர்க்கிறது?

வட இத்தாலியில் ஆல்பா என்றொரு ஊர். ஒரு நவம்பர் மாதம் அங்கே சின்ன உணவகம் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு வருவதற்கு முன்பே ஒயினை ஊற்றிவிட்டுப் போய்விட்டார்கள். பார்க்கச் சாதுவாகத்தான் இருந்தது. கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியும், அவ்வளவு வெளிறிய சிவப்பு. ஓரத்தில் கொஞ்சம் செங்கல் நிறம். முகர்ந்தால் ரோஜா வாசம். பரவாயில்லையே என்று ஒரு வாய் குடித்தேன். இரண்டு நொடியில் ஈறு, உதடு, உள்கன்னம் எல்லாம் சுருண்டு இழுத்துக்கொண்டன. பச்சை வாழைக்காயைக் கடித்ததுபோல் நாக்கு தடித்துப்போனது. பாட்டில் கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டினேன். எதிரே இருந்த நண்பர் சிரித்தார். "சாப்பாடே இன்னும் வரவில்லை, அதற்குள் என்ன அவசரம்?"

அந்த ஒயினின் பெயர் பரோலோ. நண்பர் கேலியாகக் கேட்டதற்குள் அதைப் பற்றிய பாதி விஷயம் அடங்கியிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. மீதிப் பாதி, நம் வீட்டு அடுக்களையில் வாழைப்பூ நறுக்கும்போது தெரிவதுதான்.

நாலு சொல், ஒரே குழப்பம்

ஒயினைப் பற்றிப் பேசும்போது ட்ரை, ஸ்ட்ராங், ஹெவி, கசப்பு என்று நாலு சொல்லையும் ஒரே பொருளில் அள்ளி வீசுகிறோம். பரோலோ குடித்த ஒருவர் "ரொம்ப ட்ரை" என்றால், பெரும்பாலும் வாய் வறண்டுபோனதைத்தான் சொல்கிறார். ஒயின்காரர்களின் மொழியில் ட்ரை என்றால் இனிப்பு இல்லை என்று மட்டும்தான் பொருள். திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. ஏறக்குறைய முழுவதையும் தின்று தீர்த்துவிட்டால் அது ட்ரை ஒயின். வாயைக் கொஞ்சமும் இழுக்காத ட்ரை வெள்ளை ஒயின்கள் எத்தனையோ உண்டு.

ஸ்ட்ராங் என்பது ஆல்கஹால் கணக்கு. பரோலோவில் சட்டப்படி குறைந்தது 13 சதவீதம் இருக்க வேண்டும். நடப்பில் 14ஐ ஒட்டியோ தாண்டியோ இருக்கும். அது தொண்டையில் சூடாக இறங்குமே தவிர ஈறைப் பிடித்து இழுக்காது. கருஞ்சிவப்பாக இருந்தால் கடுமையாக இருக்கும் என்பது இன்னொரு தப்புக் கணக்கு. என் கிளாஸில் இருந்த வெளிறிய நிறமே அதற்குச் சாட்சி.

கசப்போடு குழப்பிக்கொள்வதுதான் அதிகம். பாகற்காயையும் வாழைப்பூவையும் நினைத்துப் பாருங்கள். பாகற்காயின் கசப்பு நாக்கில் தெரிகிறது. பச்சை வாழைப்பூவை மென்றால் நாக்கு மட்டுமா? உதட்டின் உள்பக்கம், ஈறு, மேலண்ணம் எல்லா இடத்திலும் சொரசொரப்பு. பரோலோ செய்வதும் இந்த இரண்டாவது வேலையைத்தான்.

துவர்ப்பு: சுவையா, தொடுகையா?

இந்த இடத்தில் தமிழருக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒயின் பற்றி எழுதுகிறவர்கள் இந்த உணர்ச்சியை விளக்க ஈரமான கம்பளித் துணி, மணல்தாள் என்று என்னென்னவோ உவமை தேடுகிறார்கள். நமக்குத் துவர்ப்பு என்றால் போதும். அறுசுவையில் அதற்குத் தனி இடமே கொடுத்து வைத்திருக்கிறோம். நாவல்பழம், கொட்டைப்பாக்கு, மாதுளைத்தோல், கடுக்காய் என்று எடுத்துக்காட்டுக்கும் பஞ்சமில்லை.

ஆனால் இன்றைய அறிவியல் துவர்ப்பைச் சுவைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகியவற்றுக்கும், இறைச்சிச் சாறு போன்றவற்றில் வரும் உமாமி என்ற ஐந்தாவதற்கும் சுவை மொட்டுகளில் தனித்தனி வாங்கிகள் இருக்கின்றன. துவர்ப்பை அறிவியல் முதன்மையாகத் தொடுவுணர்ச்சியாகவே பார்க்கிறது. வழுக்கிக்கொண்டிருந்த வாய் திடீரென்று வழுக்காமல் போவதை நரம்புகள் உணர்கின்றன. அறுசுவையில் உள்ள காரமும் இதே மாதிரிதான். அது சூட்டையும் வலியையும் உணரும் நரம்பின் வேலை.

வழுக்கல் ஏன் நிற்கிறது? உமிழ்நீர் வெறும் தண்ணீர் இல்லை. அதில் கரைந்திருக்கும் சில புரதங்கள்தான் அதற்கு வழவழப்பைத் தருகின்றன. எந்திரத்துக்கு எண்ணெய் மாதிரி. திராட்சைத் தோலிலும் விதையிலும் தேயிலையிலும் மரப்பட்டையிலும் டானின் என்ற பொருள் இருக்கிறது. பூச்சியும் விலங்கும் தின்னாமலிருக்கச் செடிகளுக்கு உதவும் ஒரு தற்காப்பு அது. புரதத்தைக் கண்டால் டானின் ஒட்டிக்கொள்ளும். வாய்க்குள் வந்த டானின் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றித் திரளவைத்துவிடுகிறது. எண்ணெய் போய்விட்டது, எந்திரம் உரசுகிறது. அந்த உரசலைத்தான் துவர்ப்பு என்கிறோம்.

தோல் பதனிடும் ஊர்க்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்த நீரில் தோலைப் போட்டுப் பதனிட்டது இதே காரணத்துக்காகத்தான்: பட்டையில் உள்ள டானின் தோலின் புரதத்தை இறுகப் பிடித்து அழுகாமல் காக்கிறது. டானின் என்ற பெயரே தோல் பதனிடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் வந்தது. பரோலோ குடிக்கும்போது நம் வாயை யாரோ லேசாகப் பதனிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ட்ரை என்பது சர்க்கரையின்மை, ஸ்ட்ராங் என்பது ஆல்கஹால், துவர்ப்பு என்பது உமிழ்நீர்ப் புரதத்தை டானின் பிடித்துக்கொள்வதால் வரும் உரசல். மூன்றும் ஒரே ஒயினில் இருக்கலாம், ஆனாலும் மூன்றும் வேறு.

பாலில்லாத தேநீரில் ஒரு சோதனை

இதற்கு ஒயினே வேண்டாம். தேயிலையைத் தாராளமாகப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். வடிகட்டி, சர்க்கரை போடாமல் ஒரு வாய் குடியுங்கள். நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பாருங்கள், சொரசொரவென்று இருக்கும். இன்னொரு வாய், மூன்றாவது வாய் என்று குடித்தால் துவர்ப்பு ஏறிக்கொண்டே போகும், குறையாது. உமிழ்நீர் புதிதாகச் சுரந்து ஈடுகட்டுவதற்குள் அடுத்த டானின் வந்துவிடுகிறது.

இப்போது அதே தேநீரில் கொஞ்சம் பால் விடுங்கள். துவர்ப்பு சட்டென்று அடங்கிவிடும். பாலில் கேசீன் என்ற புரதம் இருக்கிறது. டானின் அதைப் பிடித்துக்கொண்டு கையை நிறைத்துக்கொள்வதால் உமிழ்நீர் தப்பிக்கிறது. நறுக்கிய வாழைப்பூவை மோரில் போட்டுவைப்பதிலும் இது உண்டு. மோரின் புளிப்பு பூ கறுக்காமல் பார்த்துக்கொள்கிறது, மோரில் உள்ள பால்புரதம் துவர்ப்பில் ஒரு பங்கை இழுத்துக்கொள்கிறது. ஒயினோடு சீஸ் வைத்துச் சாப்பிடுவதற்குப் பின்னால் இருப்பதும் இந்த மோர்ச்சட்டி விஞ்ஞானம்தான், பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது.

நெபியோலோ என்ற திராட்சை

இத்தாலியின் வடமேற்கில் பியமோந்தே மாநிலம். அதில் ஆல்பாவைச் சுற்றி லாங்கே என்ற குன்றுத் தொடர். 2014இல் இதன் திராட்சைத் தோட்டப் பகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தக் குன்றுகளில் பரோலோ என்ற கிராமமும் அதன் அக்கம்பக்கமுமாகப் பதினொரு ஊராட்சிகளில், நெபியோலோ என்ற ஒரே ரகத் திராட்சையில் மட்டும் செய்த ஒயினுக்குத்தான் பரோலோ என்று பெயர் போடலாம். 1966இல் எந்த ஊர் ஒயின் என்பதைச் சான்றளிக்கும் அரசின் தோற்ற முத்திரையும், 1980இல் அதைவிட உயர்ந்த உத்தரவாத முத்திரையும் இதற்குக் கிடைத்தன.

நெபியா என்றால் இத்தாலிய மொழியில் மூடுபனி. அறுவடைக் காலமான அக்டோபரில் குன்றுகளின் இடுக்கெல்லாம் பனி நிரம்பி நிற்பதால் அந்தப் பெயர் என்பார்கள். பழத்தின் மேல் படியும் வெண்பொடியைப் பார்த்து வைத்த பெயர் என்பவர்களும் உண்டு. எப்படியானாலும் இது வம்பு பிடித்த திராட்சை. மற்ற ரகங்களுக்கு முன்பே துளிர்த்துவிட்டு, மற்றவை எல்லாம் வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் பழுக்கும். வெயில் நன்றாக விழும் சரிவில் இல்லாவிட்டால் சரியாகப் பழுக்கவே பழுக்காது.

இதன் தோல் மெல்லியது, நிறமும் குறைவு. டானினோ மலைபோல இருக்கிறது. கூடவே புளிப்பும் அதிகம்; புளிப்பு துவர்ப்பைத் தூக்கிக் காட்டும். வெளிறிய நிறம், ரோஜா வாசம், ஈறைப் பிடிக்கும் துவர்ப்பு என்ற வினோதக் கூட்டு இப்படித்தான் அமைகிறது. நெபியோலோவின் மணத்தைத் தாரும் ரோஜாவும் என்று சொல்வது வழக்கம். தார் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். சாலை போடும்போது தூரத்திலிருந்து வரும் அந்த வாசனையை ரசிக்கிறவர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள்.

டானின் பழச்சாற்றில் அவ்வளவாக இல்லை. தோலிலும் விதையிலும்தான் குவிந்திருக்கிறது. எனவே தோலையும் விதையையும் சாற்றோடு எத்தனை நாள் ஊறப்போடுகிறோம் என்பதைப் பொறுத்துத் துவர்ப்பு அமையும். இதை ஊறல் என்று வைத்துக்கொள்வோம். தேயிலையை இரண்டு நிமிடத்தில் வடிகட்டுவதற்கும் பத்து நிமிடம் விடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். பரோலோவின் பழைய முறையில் ஊறல் ஒரு மாதம் வரையிலும், சில தயாரிப்பாளர்களிடம் அதற்கு மேலும் போகும்.

பீப்பாய்ச் சண்டை

இந்த ஊறலை வைத்து லாங்கேயில் ஒரு பெரிய சண்டையே நடந்தது. 1980களில் இளைய தலைமுறைத் தயாரிப்பாளர்கள் சிலர், இவ்வளவு துவர்ப்பாக இருந்தால் உலகத்தில் யார் வாங்குவார்கள் என்று கேட்டார்கள். ஊறலைச் சில நாட்களாகச் சுருக்கினார்கள். ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும் பழைய மரப்பீப்பாய்களை ஒதுக்கிவிட்டு, பர்ரீக் எனப்படும் 225 லிட்டர் பிரெஞ்சு ஓக் பீப்பாய்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவரான எலியோ அல்தாரே தன் அப்பாவின் பெரிய பீப்பாய்களை மோட்டார் ரம்பத்தால் அறுத்துப்போட்டது ஊரறிந்த கதை. எதிர்த்தரப்பில் பார்தோலோ மஸ்கரெல்லோ என்ற பெரியவர், "பர்ரீக்கும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்" என்று தன் கையால் வரைந்த லேபிளைப் பாட்டிலில் ஒட்டி விற்றார். ஒரே வாக்கியத்தில் பீப்பாயையும் அரசியல் தலைவரையும் சேர்த்து நிராகரித்த லேபிள் வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

இன்று இரு தரப்பும் நடுவழிக்கு வந்துவிட்டன. என்னைக் கேட்டால் நான் மஸ்கரெல்லோ பக்கம். சின்னப் புது பீப்பாய் தன் பங்குக்கு மரத்தின் டானினையும் வனிலா வாசத்தையும் ஒயினில் ஏற்றுகிறது. நெபியோலோவின் ரோஜா அதில் அமுங்கிப்போகிறது.

காத்திருப்பது எதற்கு?

சட்டப்படி பரோலோ விற்பனைக்கு வரும் முன் 38 மாதங்கள் கிடக்க வேண்டும், அதில் 18 மாதமாவது மரத்தில். ரிசெர்வா என்று போட வேண்டுமானால் 62 மாதங்கள். கணக்கு அறுவடை ஆண்டின் நவம்பர் முதல் தேதியிலிருந்து தொடங்குவதால், 2020இல் பறித்த திராட்சை 2024 ஜனவரிக்கு முன் பரோலோவாகக் கடைக்கு வர முடியாது.

இந்தக் காலத்தில் டானின்கள் ஒன்றோடொன்றும், நிறப்பொருளோடும் கைகோத்துக்கொள்கின்றன. வாயைப் பிடிக்கும் அவற்றின் முனைப்பு குறைகிறது. அப்படிச் சேர்ந்து கனத்துப்போனவற்றில் ஒரு பகுதி பாட்டிலின் அடியில் கசடாகப் படிகிறது. வயதான பரோலோ மெத்தென்று இருப்பதும், நிறம் செங்கல்லைப் பார்த்து நகர்வதும் இதனால்தான்.

ஊரைப் பொறுத்தும் இது மாறும். லா மோர்ரா கிராமத்து ஒயின் சீக்கிரம் இளகிவிடும். எதிர்க் குன்றில் உள்ள செர்ராலுங்கா தால்பாவின் ஒயின் பத்து வருடத்துக்குப் பிறகும் முறைத்துக்கொண்டு நிற்கலாம். மண் வேறு, அவ்வளவுதான்.

ஆக, தோலும் விதையும் கொடுத்த டானினை ஊறல் சாற்றில் இறக்குகிறது, காலம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கிறது. இளம் பரோலோவில் கழிய வேண்டியது நிறைய மிச்சமிருக்கும். அந்த மிச்சத்தைத்தான் தட்டில் இருக்கும் சாப்பாடு பார்த்துக்கொள்கிறது.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

அன்றைக்கு ஆல்பாவில் கடைசியில் வந்தது பிரசாதோ. கோயில் பிரசாதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; இது மாட்டிறைச்சி. தோள்பகுதித் துண்டு ஒன்றை முழுசாக எடுத்து, கேரட், வெங்காயம், செலரி, பிரிஞ்சி இலை, கிராம்பு, பட்டையோடு ஒயினில் இரவெல்லாம் ஊறவைத்து, மறுநாள் அதே ஒயினில் மணிக்கணக்காகச் சின்னத் தீயில் வேகவிடுவார்கள். காய்களை மசித்துக் குழம்பாக்கி மேலே ஊற்றுவார்கள். பக்கத்தில் மக்காச்சோளக் களி. கரண்டி பட்டாலே இறைச்சி பிரிந்து விழுந்தது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, சந்தேகத்தோடேயே அந்த ஒயினை மறுபடி குடித்தேன். அதே பாட்டில்தான். ஆனால் துவர்ப்பு பாதிக்கு மேல் காணோம். அதன் பின்னால் ஒளிந்திருந்த செர்ரிப்பழச் சுவை அப்போதுதான் வெளியே வந்தது.

பாலும் தேநீரும் செய்த அதே வேலை இங்கேயும் நடக்கிறது. டானினில் ஒரு பங்கு இறைச்சியின் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. கொழுப்பு வாயில் மெல்லிய பூச்சாகப் படிந்து உரசலைக் குறைக்கிறது. மெல்ல மெல்ல உமிழ்நீர் புதிதாக ஊறுகிறது. உப்பு கசப்பை அமுக்குகிறது. திரும்பவும் ஒரு வாய் ஒயின் குடித்தால் அதன் துவர்ப்பும் புளிப்பும் வாயில் படிந்த கொழுப்பை வழித்துவிட்டு அடுத்த கவளத்துக்கு இடம் செய்கின்றன. இதனால்தான் அந்த ஊர்க்காரர்கள் பரோலோவைத் தனியாக வைத்து உறிஞ்சுவதில்லை.

இறைச்சி சாப்பிடாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பரோலோ விளையும் மாவட்டத்திலேயே செய்யும் கஸ்தெல்மாஞ்ஞோ சீஸ், வருடக்கணக்கில் முதிர்ந்த பார்மிஜானோ இரண்டும் நல்ல ஜோடி. முதிர்ந்த சீஸில் புரதம், கொழுப்பு, உப்பு மூன்றும் ஒன்றாகவே இருக்கின்றன. தயாரின் என்ற மெல்லிய நூடுல்ஸையும் சொல்ல வேண்டும். ஒரு கிலோ மாவுக்கு முப்பது முட்டை மஞ்சள்கரு வரை போட்டுப் பிசைவார்கள். வெண்ணெயில் புரட்டி, இலையுதிர் காலமானால் மேலே ஆல்பாவின் வெள்ளை டிரஃபிளைச் சீவிப்போடுவார்கள். டிரஃபிள் என்பது மண்ணுக்கடியில் விளையும் ஒருவகைக் காளான். விலையைக் கேட்டால் நகைக்கடை நினைவுக்கு வரும். இதோடு கொஞ்சம் வயதான பரோலோதான் சேரும். இளம் பரோலோ டிரஃபிளின் மணத்தை மிதித்துவிடும்.

சேராதவை எவை?

முதலில் மிளகாய்க் காரம். ஆல்கஹால் எரிச்சலைத் தூண்டும், துவர்ப்பு அதைப் போகவிடாமல் பிடித்துவைக்கும். மட்டன் சுக்காவுக்குப் பரோலோ சரியாக வருமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: புரதமும் கொழுப்பும் சரி, மிளகாயைக் கணிசமாகக் குறைத்தால் யோசிக்கலாம்.

இனிப்போடும் ஒத்துவராது. கேக்கைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் பரோலோ வெறும் புளிப்பும் துவர்ப்புமாக நிற்கும். அந்த ஊரிலேயே இதற்கு மாற்று இருக்கிறது. சிங்கோனா பட்டையும் வாசனைப் பொருட்களும் சர்க்கரையும் சேர்த்த பரோலோ கினாதோ கறுப்பு சாக்லேட்டுக்கென்றே பிறந்தது போலிருக்கும்.

மீனும் சிவப்பு ஒயினும் சேராது என்பதற்கு எல்லோரும் டானின்மேல் பழி போடுகிறார்கள். 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வேறொன்றைக் கண்டார்கள். ஒயினில் உள்ள இரும்புச் சத்து கடலுணவின் கொழுப்போடு வினைபுரிந்து அந்தக் கவிச்சி வாடையைக் கிளப்புகிறது. இரும்பு குறைந்த சிவப்பு ஒயினில் வாடையும் குறைவு. சரி, அதற்காகப் பரோலோவை மீனோடு வைக்க வேண்டியதில்லை. மீன் சாதுவானது, இது அதை நசுக்கிவிடும்.

ஊற்றுவதற்கு முன்

அறை வெப்பநிலையில் பரிமாறு என்று எழுதியிருப்பார்கள். அது கணப்பு மூட்டிய பழைய ஐரோப்பிய வீட்டு அறை. சென்னையில் மே மாத அறை இல்லை. பரோலோவுக்கு 16 முதல் 18 டிகிரி. நம் பக்கம் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்தெடுத்தால் சரியாக வரும். அதிகம் குளிர்ந்தால் துவர்ப்பு கூர்மையாகத் தெரியும், அதிகம் சூடானால் ஆல்கஹால் நெடி அடிக்கும்.

இளம் பரோலோவை வேறு குடுவையில் ஊற்றிக் காற்றாட வைத்தால் துவர்ப்பு போய்விடும் என்பார்கள். ஒரு மணி நேரக் காற்றுக்கு டானினைக் கழிக்கிற சக்தி இல்லை. மணம் விரியும், அதற்காகச் செய்யலாம். முதல் முறை முயல்கிறவர்கள் பரோலோவுக்குப் பதிலாக லாங்கே நெபியோலோ என்று லேபிள் உள்ளதை வாங்கலாம். அதே திராட்சை, பெரும்பாலும் குறைந்த ஊறல், விலையும் நன்றாகக் குறைவு.

வயதான பாட்டில் கிடைத்தால் ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வைத்துவிடுங்கள். ஊற்றும்போது பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் ஒரு விளக்கு இருக்கட்டும். கலங்கல் கழுத்தை நெருங்கியதும் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒருமுறை அந்தக் கடைசிக் கலங்கலை ஆசைக்கு விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். காப்பிப்பொடி மாதிரி நறநறத்தது.